பத்து சென்ட் கர்ஷகன்

பாறசாலைக்குத் தெற்கே ரயில் பாதையைத் தாண்டி வளைந்து போகிற மண்ரோட்டில் யாரைக் கேட்டாலும் ராஜமணியின் வாழைத்தோட்டத்தைக் கைநீட்டிக் காட்டுவார்கள். அது ராஜமணியின் தோட்டம் இல்லை என்பதையும் அடுத்த மூச்சிலேயே சொல்லிவிடுவார்கள். ஒன்றரை ஏக்கர் விளை. ஆதாரம் என்கிற பத்திரமும், கரம் என்கிற நிலவரி கட்டிய ரசீதும் திருவனந்தபுரம் வலியசாலையில் இருக்கிற சேஷன் சாமி பேரில். மண்வெட்டி மட்டும் ராஜமணி பேரில்.

இதில் இரண்டு குடும்பத்துச் சங்கதி இருக்கிறது. சேஷன் சாமியின் அப்பா நீலகண்டன் சாமிக்கு அந்தப் பக்கத்தில் ஏகப்பட்ட நிலம் இருந்தது. ராஜமணியின் அப்பா ஞானாபரணம் அந்த நிலத்தில் கூலிவேலை செய்து, அதன் ஓரத்திலேயே ஒரு ஓலைக்குடிசை போட்டுக் கிடந்தவர். அப்புறம் சட்டம் வந்தது. குடிசை போட்டுக் கிடந்தவனுக்குக் கிடந்த இடம் பத்து சென்ட் சொந்தம் என்றார்கள். நீலகண்டன் சாமி கையெழுத்துப் போட்டார். ஞானாபரணம் அந்த மழைக்கே மூன்று தென்னங்கன்று வாங்கி நட்டார். அவர் போன பிறகு, கொல்லங்கோட்டில் வாக்கப்பட்ட மூத்த மகளும் வெள்ளறடையில் இருக்கிற இளையவளும் தங்கள் பங்கை விட்டு எழுதிக் கொடுத்ததில், பத்து சென்ட்டும் ராஜமணி பேருக்கு வந்தது. இளையவள் எழுதிக் கொடுத்த அன்றைக்கு மட்டும் கொஞ்சம் அழுதாள். மூத்தவள் அதுகூட இல்லை.

ராஜமணி ரொம்ப நாள் ரப்பர் வெட்டப் போய்க்கொண்டிருந்தார். ரப்பருக்கு விலை விழுந்த காலத்தில், காடேறிக் கிடந்த சாமி விளையைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்குக் கேட்டார். சேஷன் சாமி கணக்குத் தணிக்கை ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். வாழ்நாள் முழுக்கப் பேப்பர் பார்த்தவர், இந்த ஒரு காரியத்தில் மட்டும், "பேப்பர் ஒண்ணும் வேண்டாம் ராஜமணி, வாய்ப்பேச்சு போறும்" என்றார். ஓணத்துக்கு ஓணம் பாட்டமும் ஒரு ஏத்தன் வாழைக்குலையும் வலியசாலைக்குப் போகும். அவ்வளவுதான் ஏற்பாடு. பதினைந்து வருஷம் அப்படியே ஓடியது.

சர்க்காரிலிருந்து விவசாயத்துக்கு எத்தனையோ தருகிறார்கள். வாழைக்கன்றுக்குப் பாதி விலை, உரத்துக்கு உதவி, தண்ணீர்க் குழாய்க்கு மானியம், காற்றில் வாழை விழுந்தால் நஷ்டத்துக்கு ஏதோ கொஞ்சம். எல்லாம் கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீஸ் வழியாக. எல்லாவற்றுக்கும் கரம் கட்டிய ரசீது வேண்டும். ரசீது யார் பேரிலோ மானியம் அவர் பேரில். ராஜமணி ஒவ்வொரு வருஷமும் சாமியிடம் ரசீதின் காப்பி வாங்கி, சாமி பேரில் விண்ணப்பம் கொடுத்து, சாமி பேரில் கன்று வாங்கி, தன் கையால் நட்டார். பணமாக வருவது சாமியின் பேங்குக்குப் போகும். சாமி அதில் கை வைக்கமாட்டார். ஓணத்துக்கு ராஜமணி குலையோடு போகும்போது, வந்த அத்தனையும் ஒரு பழுப்புக் கவரில் ஒட்டித் தயாராக இருக்கும். கவரின் மேல் முத்து முத்தாக 'ராஜமணி' என்று எழுதி அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார். ராஜமணியின் பேர் எழுதின ஒரே விவசாயக் காகிதம் அந்தக் கவர்தான்.

ஆவணி பிறக்கிற அன்றைக்கு, அதாவது சிங்ஙம் ஒண்ணாம் தேதி, கிருஷி பவனில் கர்ஷக தினம் கொண்டாடி (கர்ஷகன் என்றால் அங்கே விவசாயி) நல்ல விவசாயிகளுக்குப் பொன்னாடை போடுவார்கள். ஒரு வருஷம் நல்ல வாழை விவசாயி விருது அந்த விளைக்கு விழுந்தது. அதாவது சேஷன் சாமிக்கு. விண்ணப்பத்தில் 'தொழிலாளர் யார்' என்று ஒரு கட்டம் இருந்தது. கம்ப்யூட்டரில் அடிக்கிற பையன், "வலியசாலையில இரிக்கிற வயசான ஆள் தனிச்சு வாழை நட்டாருன்னு சொன்னா ஆரு நம்புவா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. "ராஜமணின்னு ஒருத்தன் உண்டுன்னு போடு" என்று ராஜமணியே சொல்லிக் கொடுத்தார்.

விருதுக்குச் சாமி ஜரிகை வேஷ்டியில் காரில் வந்தார். பொன்னாடை போட்டார்கள், பெயர் வெட்டின பலகை கொடுத்தார்கள், நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். "இந்த வருஷம் மழை நன்னா பெஞ்சுது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ராஜமணி மேடைக்குக் கீழே குலையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பத்திரிகையில் வந்த படத்தில் அவருடைய இரண்டு கைகளும் குலையும் நன்றாகத் தெரிந்தன. இறங்கி வந்ததும் சாமி பொன்னாடையை எடுத்து ராஜமணியின் தோளில் போட்டு, "இது உன்னுதுதான்" என்றார். பலகையில் சாமி பேர் வெட்டியிருந்ததால் அது வலியசாலைக்குப் போயிற்று. பொன்னாடையை ராகேல் தையல் மிஷினுக்கு உறையாகப் போட்டாள்.

ராகேல், ராஜமணியின் மனைவி. பெரிய நாத்தியின் புருஷன் வழியில் சொந்தம், கொல்லங்கோட்டுக்காரி.

இப்படி இருக்கையில் ராஜமணிக்கு அறுபது வயது முடிந்தது. முழங்கால் இரண்டும் அதற்கு முன்பே முடிந்திருந்தன. அறுபது தாண்டிய விவசாயிக்குப் பென்ஷன் உண்டு, கிருஷி பவனில் எழுதிக் கொடுத்தால் மாதாமாதம் வரும். பணம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் ராஜமணிக்கு அதில் இன்னொன்றும் இருந்தது. அப்பா செத்தபோது வாங்கின சர்ட்டிபிகேட்டில் 'தொழில்: கூலி' என்று போட்டிருந்தார்கள். பத்து சென்ட் நிலமும் மூன்று தென்னையும் வைத்திருந்த மனுஷன், போகும்போது கூலியாகப் போனார். "எனக்கு அப்படி எழுதப்பிடாது கேட்டியா" என்று ராஜமணி ராகேலிடம் அன்றைக்கே சொல்லி வைத்திருந்தார். "கர்ஷகன்னு எழுதணும். பென்ஷன் புக்கில அப்படி இருந்தா பின்ன ஆரும் மாத்தி எழுத மாட்டாவ."

கிருஷி பவனில் அப்போது ஸ்வப்னா என்கிற பெண் ஆபீஸராக இருந்தாள். நெய்யாற்றின்கரைக்காரி. பாறசாலை மேசைக்கு வந்தபிறகு பாதித் தமிழ் பழகியிருந்தாள். ராஜமணியின் வாழையைப் பலமுறை நேரில் வந்து பார்த்து, பாராட்டி, இலையில் அடை கட்டித் தந்ததைத் தின்றும் போயிருக்கிறாள்.

"பேரு?" என்றாள்.

"மேடத்துக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் சேட்டா. கம்ப்யூட்டருக்குத் தெரியண்டே."

தட்டினாள். முகம் மலர்ந்தது. "ராஜமணி. உண்டு, கிட்டிப்போயி."

ராஜமணி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சேஷன் என்ற கர்ஷகனோட தொழிலாளி."

"அது நான் சொல்லிக் குடுத்ததாக்கும் மேடம்."

"அதுதானே பிரச்சினை. சேட்டன் சொன்னதைக் கம்ப்யூட்டர் விஸ்வசிச்சு."

"எனக்க வாழைய மேடம் எத்தன தடவ வந்து பாத்திருக்கிய?"

"சேஷன் சாறோட வாழை" என்றாள் ஸ்வப்னா, குரலைத் தாழ்த்தி, துக்கம் விசாரிக்கிற மாதிரி. அப்புறம் வழியும் சொன்னாள். சாமி ஒரு சம்மதப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இந்த விளையில் இத்தனை வருஷமாகப் பயிர் வைப்பது ராஜமணிதான் என்று.

மறுநாள் காலை ரயிலில் ராஜமணி ஒரு குலையோடு கிளம்பினார். சாலைக் கடைத்தெருவுக்குள் தோளில் குலையோடு நடந்தால் நாலு பேர் விலை கேட்பார்கள். கேட்டார்கள். விற்கிற குலை இல்லை என்று சொல்லிக்கொண்டே வலியசாலைத் தெருவுக்குள் போனார்.

சாமியின் மனைவி விஜயம்தான் கதவைத் திறந்தாள். "வா ராஜமணி. ராகேல் சௌக்யமா? ஓணத்துக்கு இன்னும் நாளிருக்கே, இப்போ என்னத்துக்குக் குலை? அந்த மூலையில வை, அவர் கண்ணுல படாம. ஷுகர் ஏறிப்போச்சு."

சாமி கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ராஜமணி சுற்றி வளைக்கவில்லை. "சாமி, ஒரு ஒப்பு வேணும்."

உள்ளே போயிருந்த விஜயம் மிக்ஸியை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். "என்ன வேணும்?"

"ஒரு கையெழுத்து அம்மா. பென்ஷனுக்கு."

"ஏன்னா, கேட்டேளா? இவன் அப்பாவும் இதே இடத்துல நின்னுண்டு இதே வார்த்தையைத்தான் சொன்னான். சாமி, ஒரு ஒப்புன்னான். உங்க அப்பா போட்டார். பத்து சென்ட் போச்சு. நான் அப்போதான் கல்யாணமாகி வந்திருக்கேன். ஞானாபரணத்துக்குக் காபி கொண்டுவந்து வெச்சதே நான்தான்."

"அது சட்டம், விஜயம். அப்பா போடலைன்னாலும் போயிருக்கும்."

"சட்டத்துக்கு நான் காபி கொடுக்கலையே. ஞானாபரணத்துக்குன்னா கொடுத்தேன்."

"அம்மா, எனக்கு விளை வேண்டாம். கர்ஷகன்னு ஒரு வார்த்தை மட்டும் போதும்."

"அந்த வார்த்தையிலதானே நெலமே போறது" என்றாள் விஜயம். அதில் தப்பு சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தில் நிலம் கைமாறியதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தையில்தான்.

பிறகு விஜயமே வழி கண்டுபிடித்தாள். சாமி ஒரு காகிதம் தரட்டும், ராஜமணியும் ஒரு காகிதம் தரட்டும். சாமி தருவதில், பதினைந்து வருஷமாக அந்த விளையில் பயிர் வைப்பது ராஜமணிதான் என்று இருக்கும். ராஜமணி தருவதில், அந்த விளையில் தான் ஒருநாளும் பயிர் வைத்ததில்லை, தனக்கு அதில் ஒரு பாத்தியமும் இல்லை என்று இருக்கும்.

"ரெண்டும் எப்படி அம்மா சரியாவும்?"

"ஒண்ணு உனக்குச் சரி. ஒண்ணு எனக்குச் சரி."

சாமி இரண்டையும் தன் அழகான கையெழுத்தில் எழுதினார். தேதி போடுகிற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. "ஒரே தேதி போட்டா ஆடிட்ல நிக்காது" என்றார். யோசித்து, ராஜமணி தருகிற காகிதத்துக்கு முந்தின நாள் தேதி போட்டார். ஆக, திங்கட்கிழமை ராஜமணி அந்த விளையில் கால் வைத்ததே இல்லை. செவ்வாய்க்கிழமை பதினைந்து வருஷமாக அங்கே வாழை வைத்துக்கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை விஜயத்தின் இரும்பு பீரோவுக்குள் போனது. செவ்வாய்க்கிழமையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ராஜமணி ரயிலேறினார்.

ஸ்வப்னா அதை இரண்டு முறை வாசித்தாள். "இது மதி சேட்டா. பென்ஷன் கிட்டும்."

"பின்ன என்ன மேடம், முகம் வாடுது?"

"ஒரு விளைக்கு ஒரு கர்ஷகன். சேட்டனை எழுதினா சேஷன் சாறை வெட்டணும். அவரு கர்ஷகன் அல்லன்னா, இத்தனை வருஷம் வாங்கினதெல்லாம் திருப்பி அடைக்கச் சொல்லி நோட்டீஸ் போகும். அவார்டும் திருப்பிக் கொடுக்கணும்."

"அவரு ஒரு பைசா எடுத்ததில்ல. எல்லாத்தையும் கவர்ல போட்டு எனக்குத் தந்திருவாரு."

"அதை நான் கேட்கல்ல" என்று ஸ்வப்னா மேலே சுற்றுகிற பேனைப் பார்த்தாள். "கேட்டா அதுவும் எழுதணும்."

காகிதம் மேசை மேல் கிடந்தது. அவளே கொஞ்சம் இரங்கி, இன்னொரு வழி சொன்னாள். "சாறு கர்ஷகனாவே இருக்கட்டும். சேட்டன் தொழிலாளின்னு கம்ப்யூட்டர்ல தெளிவா உண்டு. பஞ்சாயத்துல தொழிலாளி பென்ஷனுக்கு எழுதிக் கொடு. முதலாளின்னு சாறு ஒரு ஒப்பிட்டா போதும். காசு ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதான்."

"எனக்க அப்பாவுக்கும் அதுதான் எழுதினாவ" என்றார் ராஜமணி. காகிதத்தை எடுத்து மடித்தார். வெளியே வந்து நின்று சாமிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

சாமி நோட்டீஸ் என்ற இடத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம், "அவா சொல்றது சரிதான். நான் கர்ஷகன் இல்லையே. ஆடிட் சொன்னா திருப்பிக் கட்டித்தான் ஆகணும். நீ காகிதத்தைக் கொடு, நான் கட்டிக்கறேன்" என்றார். பின்னாலிருந்து விஜயம் என்னவோ சொன்னது கேட்டது. என்ன சொன்னாள் என்று தெளிவாகக் கேட்கவில்லை, ஆனால் ராஜமணிக்குப் புரிந்தது.

வாங்கினதெல்லாம் ராஜமணியின் வாழைக்கு உரமாகப் போயாயிற்று. கட்டப்போவது சாமி. எழுபத்தொன்பது வயதில், கணக்கில் ஒரு புள்ளி பிசகாமல் ரிட்டயர் ஆன மனுஷனுக்கு, பொய் சொல்லி வாங்கினதாக ஒரு நோட்டீஸ்.

"வேண்டாம் சாமி" என்றார் ராஜமணி. "விருதைத் திருப்பிக் குடுக்கணும்னா பொன்னாடையும் குடுக்கணும். பின்ன தையல் மிஷின் வெறுமே நிக்கும்."

அவர் வீட்டுக்கு வந்தபோது ராகேல் தென்னை மூட்டில் ஏணி சாத்தி, கொடியிலிருந்து நல்லமிளகு பறித்துக்கொண்டிருந்தாள். இறங்காமலே கேட்டாள்.

"என்ன ஆச்சு? கர்ஷகன் ஆயாச்சா?"

"இல்ல. நான் கர்ஷகன் ஆனா சாமி கள்ளனாவணும். இல்லேன்னா நான் கூலியாவணும்."

"ரெண்டும் ஆவல்லியா?"

"ரெண்டும் ஆவல்ல."

ராகேல் பறித்ததை மடியில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். "நான் ஒண்ணு கேக்கட்டா? இந்தப் பத்து சென்ட்டுக்குக் கரம் ஆருக்க பேருல கட்டுதிய?"

"எனக்க பேருல."

"இதுல நிக்குதது என்னது? தெங்கு மூணு, நல்லமிளகு, சேனை, கத்திரி, வரிசையா மொளகாய். இதெல்லாம் ரயில்வேக்காரன் வந்து நட்டுட்டுப் போனானா?"

"இது வீடு பிள்ளே."

"தெங்கு வீட்டுக்குள்ளயா நிக்குது? ஒங்க கண்ணு பதினஞ்சு வருஷமா வேலிக்கு அந்தால. நான் இந்தால என்ன செய்யுதேன்னு என்னைக்காவது திரும்பிப் பாத்ததுண்டா?"

ராஜமணி திரும்பிப் பார்த்தார். மிளகாய்ச் செடி நிறைய நின்றது. எப்போது அவ்வளவு ஆயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை.

ஸ்வப்னாவுக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பத்து சென்ட் கம்ப்யூட்டருக்குப் போதும் என்றாள். எத்தனை வருஷமாகப் பயிர் என்பதற்குச் சாட்சி வேண்டும். ஞானாபரணம் நட்ட மூன்று தென்னையும் கிருஷி பவன் கட்டிடத்தைவிட மூத்தவை. சாட்சிக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. நீலகண்டன் சாமி அன்றைக்குப் போட்ட கையெழுத்துக்கு இன்றைக்கு வேலை வந்தது. விஜயத்துக்கு இது தெரிந்தால் சந்தோஷப்படுவாளா என்று ராஜமணி யோசித்தார். சொல்லாமல் இருப்பதே நல்லது என்று பட்டது.

இடம் பார்க்க ஸ்வப்னா போனோடு வந்தாள். பயிரும் விவசாயியும் ஒரே படத்தில் விழ வேண்டும். ராஜமணி துவைத்த வேட்டியில் மிளகாய் நடுவில் நின்றார்.

"சேட்டா, கொஞ்சம் இடது பக்கம். பின்னால சேஷன் சாறோட வாழை விழுந்நு."

ராஜமணி நகர்ந்தார். வாழை பெரிய வாழை, அவர் நகர நகர அதுவும் கூடவே வந்தது. கடைசியில் கோழிக்கூட்டை ஒட்டி நின்றபோதுதான் படத்தில் வாழை இல்லாமல் ஆயிற்று. அந்த ஒன்றரை ஏக்கரும் படத்துக்கு வெளியே, காற்றில் சலசலத்துக்கொண்டு நின்றது.

"மொளகாய் எப்ப நட்டது?"

ராஜமணி ராகேலைப் பார்த்தார். "இடவப்பாதி மழைக்கு முந்தி" என்றாள் ராகேல், தண்ணீர் வாளியோடு நின்றபடி.

"உரம்?"

"சாணிப்பொடி, சாம்பல்."

"நல்லமிளகு எத்தனை மூடு?"

ராஜமணி வாயைத் திறந்தார். அதற்குள் ராகேல் சொல்லிவிட்டாள். ஸ்வப்னா எல்லாவற்றையும் ராஜமணி சொன்னதாக அடித்துக்கொண்டே வந்தாள். பிறகு, "தொழிலாளி ஆராவது உண்டோ?" என்று கேட்டாள்.

அந்தக் கட்டத்தில் ஒரு பேர் விழுந்தால் அது எத்தனை காலம் எழுந்திருக்காமல் அங்கேயே கிடக்கும் என்பதை அந்த ஊரில் ராஜமணியைவிட அறிந்தவர் கிடையாது. "ஆரும் இல்ல" என்றார், வேகமாக.

வாளி 'ணங்' என்று தரையில் உட்கார்ந்தது. "அப்ப நான் ஆரு?" என்றாள் ராகேல்.

"கூலின்னு எழுதப்பிடாதுன்னுதான் பிள்ளே சொன்னேன்."

"கூலின்னு எழுத வேண்டாம். கர்ஷகன்னு எழுதச் சொல்லும்."

ராஜமணி ஸ்வப்னாவைப் பார்த்தார். "மேடம், ரெண்டு பேரு எழுத ஒக்குமா?"

"கரம் ஆரோட பேரில?"

சேஷன் சாமி விஷயத்தில் இந்தக் கேள்விக்கு என்ன பதிலோ அதுதான் இங்கேயும் பதில் என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ஸ்வப்னா ஒரு பேரை அடித்து, போனைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். போகும்போது ராகேல் அவளுக்கு ஒரு பிடி மிளகாய் பறித்துக் கொடுத்தாள்.

பென்ஷன் பாஸாயிற்று. புத்தகத்தில் 'கர்ஷகன்' என்று அச்சடித்தே இருந்தது. ராஜமணி அதைப் பலமுறை திறந்து பார்த்தார். கூடவே கிருஷி பவனிலிருந்து ராஜமணி என்கிற விவசாயியின் பேரில் மிளகாய் நாற்றும் வேப்பம்பிண்ணாக்கும் வந்தன. இறக்கி வைத்த இடத்திலிருந்து ராகேல் அவற்றை எடுத்துக்கொண்டு போய் நட்டாள்.

ஓணம் வந்தது. ராஜமணி வழக்கம்போலக் குலையோடு வலியசாலைக்குப் போனார். சேஷன் சாமி வழக்கம்போலக் கவர் கொடுத்தார், கோடு போட்டு, பேர் எழுதி. "நீயும் இப்போ கர்ஷகன் ஆயிட்டியாமே" என்றார். விஜயம் காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, இந்தத் தடவை ஒப்பு எதுவும் கேட்க வரவில்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

திரும்பி வருகிற வழியில் ராஜமணி சாலையில் ஒரு கடையில் ஏறி, ஒரு பழுப்புக் கவர் வாங்கினார். கடைக்காரர் ஒன்றாகத் தரமாட்டேன், கட்டாகத்தான் என்றார். கட்டாகவே வாங்கினார். வீட்டுக்கு வந்ததும், முதல் மாதத்துப் பென்ஷனை அதில் போட்டு ஒட்டி, அடுப்படியில் நின்ற ராகேலிடம் நீட்டினார்.

ராகேல் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முன்னால் பார்த்தாள், திருப்பிப் பின்னால் பார்த்தாள். திறக்கவில்லை.

"சாமி மேல பேரு எழுதித்தானே தருவாரு?" என்றாள்.

ராஜமணி பேனா தேடப் போனார். ஸ்கேலும் வீட்டில் இருந்த மாதிரி ஞாபகம்.